ராத்திரி தங்காத மெமோ

“இந்தப் பொண்ண இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க சார்!”

மெட்ராஸ்லேர்ந்து மிஷின் பார்க்க வந்த இன்ஜினீயர் வடிவேல் குதியோ குதியென்று குதித்தார்.

உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் நூல் கம்பெனிக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து மூணு மாசம். அதில் டைப் அடிக்கிறவள் அஞ்சலாட்சி. சாயங்காலம் அஞ்சரைக்கு சுவிட்சை நிறுத்துகிறவர் மேனேஜர் அரிகிருஷ்ணன். வேற யார் கை வைத்தாலும் கத்துவார்.

“அப்படி என்ன செஞ்சிடுச்சு?” என்றார் மேனேஜர்.

“நீங்க சொல்லி அடிச்ச மெமோ பதினொண்ணுன்னு நோட்டுல இருக்கு. மிஷின்ல ஒண்ணுகூட இல்ல! டிஸ்க்ல வச்சா நிக்கும் சார். அவசர வேலைக்குன்னு மெமரியிலயும் ஒரு இடம் பண்ணிக் குடுத்தேன். அது படுவேகம். ஆனா சுவிட்ச நிறுத்தினா உள்ள இருக்கறதெல்லாம் அம்போ. மெமோவ மட்டும் பாத்துப் பாத்து அங்க வச்சிருக்குது!”

“மத்ததெல்லாம்?”

“டிஸ்க்ல பத்திரமா இருக்கு. தெரிஞ்சே செஞ்ச வேலை சார் இது!”

அஞ்சலாட்சி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். அப்பாவுக்கு மில் வேலை போய் ரெண்டு வருஷம். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாவம்.

“ஏம்மா?” என்றார் மேனேஜர்.

“பஸ் கிடைக்காம நம்ம பியூன் பக்கிரி அண்ணன் தவளக்குப்பத்துலேர்ந்து லேட்டா வந்தா, ‘அடி மெமோ’ங்கிறீங்க. சாயங்காலம் அவருக்கே டீ வாங்கித் தர்றீங்க. காலையில பிரிண்ட் எடுத்து அவர் ஃபைல்ல போட்டுட்டா, அப்புறம் அழிக்க முடியுமா சார்?”

வாசலில் டீயோடு நின்ற பக்கிரி தட்டை ஜன்னல் மேல் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏன் சார், பதினொண்ணுல ஒண்ணையாவது எங்கன்னு நீங்க கேக்கலயா?” என்றார் வடிவேல்.

மேனேஜர் இருமினார். உடனே மேசையைத் தட்டினார்.

“என்னா திமிரு உனக்கு! உன் பேருக்கே ஒரு மெமோ. நீயே அடி!”

வடிவேல் முகத்தில் அப்பாடா என்று ஒரு திருப்தி.

அஞ்சலாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்து முடித்தாள்.

“எங்க வைக்கட்டும் சார்?”

“டிஸ்க்ல!” என்று முந்தினார் வடிவேல்.

அரிகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்தார்.

“வழக்கமா வைக்கிற எடத்துலயே வைம்மா. அஞ்சரை ஆவப்போவுது, நான் சுவிட்ச நிறுத்தணும்.”