நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் எட்டுப் புத்தகம் முடிக்கிறவர்கள் உண்டு. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிப் பழகிய நான், அரிசி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்து நாளைக்கு ஒரு பக்கம் படிக்கிறவன். நான்கு மாதமாக ஒரே நாவல். நேற்றைய கூட்டத்தில் ஞானசிகாமணி சார் அதைப் பற்றித்தான் பேச எழுந்தார்.

“சார், முடிவ மட்டும் சொல்லிராதீங்க. நான் இன்னும் நூத்திப் பன்னெண்டுலதான் நிக்கிறேன்.”

“அட, கதை தெரிஞ்சா என்னண்ணே? நடையை ரசிங்க” என்றவர், கதாநாயகி பவுனு கிணற்றில் விழுந்து சாகிற இடத்தை மெனக்கெட்டு வாசித்தே காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பவுனைப் பெற்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“நீங்க எப்பண்ணே முடிப்பீங்க?” என்று திலகா டீச்சர் சிரித்தார்.

“நான் படிச்சாத்தான டீச்சர் அவ சாவா?” என்றேன், எரிச்சலாக. அதற்கும் கைதட்டினார்கள்.

இன்று வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தேன். பவுனு முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று கடைசி வரியில் மாமியார் சொல்கிறாள். அந்த வரியின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறேன்.