கோவைக்கொடி ஏறிய ஸ்கூட்டர்

கோவைக்கொடிக்கு ஒரு மழை போதும், அப்புறம் அது யாரையும் கேட்பதில்லை. சுவரோரம் எட்டு மாதமாக நிற்கும் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் ஏறி, சீட்டைச் சுற்றிக் கைப்பிடிவரை போய், பிரேக்கைச் சுருள்கம்பிபோல இறுகப் பிடித்திருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு பழம் சிவப்பாகத் தொங்குகிறது. பழைய வண்டி வாங்குகிறவர் குந்தி உட்கார்ந்து கத்தரியால் வெட்டுகிறார். வெட்ட வெட்ட வீட்டுக்காரி பிடித்து இழுக்கிறாள். பச்சை வாடை கையெல்லாம் அப்புகிறது. வெயிலில் சீட்டு வெளுத்திருக்கிறது. கொடி மூடியிருந்த இடம் மட்டும் புதுசாகக் கறுத்துக் கிடக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே, சக்கர நாற்காலியில் அவள் கணவர். வலது கை மடியில் கிடக்கிறது, இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது.

“சர்வீஸுக்குத்தாங்க கொண்டுபோறார்” என்று காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அவரிடம் சொல்கிறாள். அப்படியே சொல்லும்படி வண்டி வாங்க வந்தவரிடமும் முன்பே வாசலில் சொல்லிவைத்திருக்கிறாள்.

“ஆமாண்ணே, ரெண்டு நாள்ல கொண்டாந்துடுறேன்” என்கிறார் வண்டி வாங்குகிறவர், தலையை நிமிர்த்தாமல்.

“பிரேக் வயரையும் சேத்து அறுத்துடாதப்பா.”

“இல்லண்ணே, பாத்துத்தான் வெட்டுறேன்.”

கடைசிச் சுருளும் அறுந்து விழுகிறது. ஸ்டாண்டை எடுத்ததும் காற்றில்லாத சக்கரங்கள் மண்ணில் நசுங்கி நகர்கின்றன. அவள் சாவியை நீட்டுகிறாள்.

“ஏம்மா” என்று ஜன்னலிலிருந்து குரல் வருகிறது. “இன்னொரு சாவி பீரோ மேல்தட்டுல இருக்கு. அதையும் எடுத்துக் குடுத்துடு.”