ஞ பக்கத்தில் ஒரு பெயர்

இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் மகளுக்குப் பெயர் வந்துவிடும்.

ஞானஸ்ரீ.

நல்ல பெயர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

தொட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கோவில்பட்டியில் பாதிப் பேர் இந்த அறையில்தான் இருக்கிறார்கள் போல. பச்சை உடம்புக்காரி என்று அவளை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். குழந்தை யாரையும் சட்டை செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

உத்திரட்டாதி, இரண்டாம் பாதம். 'ஞ'வில் பெயர் வைக்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீடே தலையில் கை வைத்து உட்கார்ந்தது.

அவள் மட்டும் துள்ளிக் குதித்தாள். தையல் போட்டிருந்ததால் மனதுக்குள்தான்.

சொல் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். பேருந்தில் போகும்போது கடைப் பலகை ஒன்றில் தெரியாத சொல் கண்ணில் பட்டால், இறங்கிப் போய் அர்த்தம் கேட்டுவிட்டு அடுத்த பேருந்தில் வருவாள். பிரசவத்துக்குப் போகும்போது குழந்தைத் துணிகளுக்கு அடியில் அகராதியை வைத்து எடுத்துப் போனவள்.

பையைத் தூக்கிய கணவன், "உள்ள என்ன, அம்மிக்கல்லா வச்சிருக்க?" என்று கேட்டான்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஞ பக்கத்தைத் திறந்தாள். துணைக்கு இருந்த நாத்தனார் செண்பகத்துக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். மொத்தமே கொஞ்சம் சொற்கள்தான். ஆனால் என்ன சொற்கள்!

ஞமலி என்றதும் கணவனுக்குப் பிடித்துப்போயிற்று. சினிமா நடிகை பெயர் மாதிரி இருக்கிறது என்று, பத்திரிகை அச்சடிக்கிறவருக்குப் போன் போட எழுந்தான். ஞமலி என்றால் நாய் என்று சொன்னாள். உட்கார்ந்துவிட்டான்.

ஞாட்பு என்றால் போர். அது பெயர் வைத்து முடிப்பதற்குள் எப்படியும் வரும்.

கொஞ்சம் தள்ளித்தான் ஞிமிறு இருந்தது.

தேனீ.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூக்கில் தொடங்கி, உதட்டைத் தொட்டு, நாக்கில் அதிர்ந்தது. காதருகே தேனீ பறந்தால் கேட்குமே, அதேதான். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் பூச்செடிப் பக்கம் வேலை வெட்டி இல்லாமல் நின்று, கேட்டுக் கேட்டு இதை உண்டாக்கியிருக்க வேண்டும்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுதான் உன் பெயர் என்று பக்கத்தில் கிடந்த குழந்தையிடம் சொன்னாள்.

வீட்டில் வேறு முடிவு எடுத்தார்கள்.

பூச்சி பெயரையா பிள்ளைக்கு வைப்பது என்றார் மாமனார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற டீச்சருக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும் என்றார் மாமியார். கணவன் நல்லவன். ஆதார் அட்டையில் எப்படி வரும் என்று ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிப் பார்த்தான். நான்காவது ஏதோ இருமல் மருந்து போல இருந்தது. அதையும் கிழித்துப் போட்டான்.

ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டாள். மறுநாள் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டாள்.

மனசுதான் ஆறவில்லை. குழந்தைக்கு மூக்கு அப்பா ஜாடை. நெற்றி மாமியார் ஜாடை. எழுத்துகூட ஜோசியர் கொடுத்தது. தான் தேடிக் கண்டெடுத்த ஒரு சொல்லை மகளுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று அழுகையாக வந்தது.

"அத்தைய வரச் சொல்லுங்க, நேரமாச்சு" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொல்வார்கள். செண்பகம் புதுப்புடவை சரசரக்க வந்தாள். தொட்டிலுக்குள் தலையை விட்டாள். குழந்தையின் காதை ஒட்டிக் கையைக் குவித்துக்கொண்டாள்.

ஒரு முறை.

இரண்டு.

மூன்று.

பிறகு நிமிர்ந்து, "ஞானஸ்ரீ!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

குலவை எழுந்தது. கற்கண்டுத் தட்டு சுற்றி வந்தது. அவளும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இனித்தது. என்ன செய்ய.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. செண்பகம் மட்டும் திருட்டு முழியோடு வந்து நாற்காலி அருகில் குத்தவைத்தாள்.

"மதினி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. காதுல நீங்க வாசிச்ச தேனீப் பேரத்தான் சொன்னேன்."

அவள் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டாள்.

"முழுசாக் கேளுங்க. பதட்டத்துல நாக்கு புரண்டுருச்சு. மிஞிறு மிஞிறுன்னு சொல்லிட்டேன். மூணு தடவையும்." செண்பகம் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "இருங்க, பந்தி முடியுமுன்ன போயி சரியாச் சொல்லிட்டு வந்துருதேன்."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

மிஞிறும் அகராதியில் இருக்கிறது. அதற்கும் தேனீ என்றுதான் போட்டிருக்கிறது. செண்பகத்துக்கு முன்பே, எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்பு, யாருக்கோ இதே இடத்தில் நாக்குப் புரண்டிருக்கிறது. கேட்டவர்களும் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செண்பகம் எழுந்தாள். அவள் பிடித்த கையை விடவில்லை.

"திருத்தாத" என்றாள்.

தொட்டிலில் மிஞிறு விழித்துக்கொண்டாள்.