திரையில் முளைத்த கூந்தல்

ஆய்வுக்கூடத்து முக்காலியில் துப்புரவு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, தூரத்தை அளக்கும் புதிய செல்போன் கேமரா. அது வீசும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒளி போய்ப் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, கேமரா அருகில் இருப்பதைச் சிவப்பாகவும் தள்ளி இருப்பதை நீலமாகவும் திரையில் தீட்டும். கறுப்பு முடிதான் அதற்கு எமன். ஒளியை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. இந்தக் கட்டடத்திலேயே அடர்ந்து கறுத்த முடி அக்காவுடையது என்பதால், இரண்டு வருடமாக ஒவ்வொரு சோதனைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் திரையில் மொட்டையாகத்தான் தெரிகிறாள். "இன்னைக்காவது எனக்கு முடி முளைக்குமா?" என்று சிரிக்கிறாள். "ஆடாம இருங்கக்கா," என்றபடி பொறியாளர் பொத்தானை அழுத்துகிறாள். இதுவும் தவறினால் நிர்வாகம் இந்த வேலையையே இழுத்து மூடிவிடும். திரையில் சிவந்த மூக்கு வருகிறது, மஞ்சள் காதுகள் வருகின்றன. பிறகு நெற்றிக்கு மேலே, இத்தனை நாள் வெறும் ஓட்டையாக இருந்த இடத்தில், வகிடு கோடாக விழுகிறது. தோளில் கிடக்கும் பின்னல் முறுக்கு முறுக்காக இறங்குகிறது. பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள். பின்னல் அங்கேயேதான் இருக்கிறது. "அக்கா, இதை அப்படியே எடுத்து மேலே அனுப்பப் போறேன். அசையாதீங்க." "கொஞ்சம் இரும்மா," என்கிறாள் அக்கா. பின்னல் நுனியிலிருந்து ரப்பர் வளையத்தை உருவி, விரல்களால் கோதி, முழுக் கூந்தலையும் மடிவரை அவிழ்த்து விடுகிறாள். "ம், இப்ப எடு. நல்லா பாக்கட்டும்."