ஒரிஜினல் பைக்

“ஆபீசர் எது கேட்டாலும், ‘கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு சார்’னு மட்டும் சொல்லு. வேற வாயத் தொறக்காத லா!” என்று வாகனச் சோதனை நிலைய வாசலில் காதைக் கடித்தான் நவீன்.

யுவராஜ் தலையாட்டினான்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் அவன் பைக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. உயர்ந்த ஹேண்டில், நீண்ட முன்பக்கம், தடித்த எக்ஸோஸ் புகைக்குழாய் என்று நான்கு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தான். போலீசாருக்கும் அது தெரியும் என்பதுதான் தொல்லை. இன்னொரு தடவை மாட்டினால் பைக்கையே தூக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான், மாற்றியமைத்த பைக்குகளுக்கு முறையாக அனுமதி தரப்போவதாக அரசாங்க அறிவிப்பு வந்தது. யுவராஜ் படங்களோடு ஆன்லைனில் விண்ணப்பித்தான். பைக்கைக் கொண்டு வரச் சொல்லிப் பதிலும் வந்தது.

பட்டறை வைத்திருக்கும் நவீன்தான் குட்டையைக் குழப்பினான்.

“பொறி வைக்கிறானுங்கடா! மாத்துன வண்டியக் கொண்டு வான்னு அவனே கூப்பிடுறான்னா என்ன அர்த்தம்? போனா வண்டி திரும்பாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு எவன்டா மாத்துன வண்டியோட போவான்?”

நியாயமாகத்தான் பட்டது. ஊரே அப்படித்தான் செய்கிறது. சோதனைக்கு ஒரிஜினல், வீடு திரும்பியதும் பழையபடி. இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனிச் சாமான்களையே மாட்டிவிட்டார்கள். கழற்றும்போது யுவராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபீசர் பழனியப்பன் வந்தார். பைக்கைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“தம்பி, இது உங்க பைக்தானா?”

“ஆமா சார். கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு சார்.”

“அந்த ஹேண்டில் எங்க?”

“எந்த ஹேண்டில் சார்? ஒரு ஸ்க்ரூகூட மாத்தல சார்!”

பின்னாலிருந்து நவீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பழனியப்பன் பெருமூச்சு விட்டார்.

“நீங்க அனுப்புன படத்தப் பார்த்து நேத்தே அப்ரூவல் போட்டாச்சு தம்பி. என்னா அழகான வண்டி! இன்னிக்கு ஒரு தடவ கண்ணால பார்த்துட்டு, பேப்பரக் குடுத்து அனுப்பத்தான் கூப்பிட்டேன்.”

யுவராஜுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப... குடுங்க சார்!”

“எப்படிக் குடுக்கிறது? அப்ரூவ் ஆன வண்டிய அனுமதி இல்லாம ஒரிஜினலா மாத்தியிருக்கீங்களே! ஓரமா நிறுத்துங்க, தூக்கிட்டுப் போக லோரி வருது.”