காலில் கட்டிய சீட்டு

வான்கோழியின் இடது காலில் அந்தச் சீட்டு அப்படியே இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

மகளின் கையெழுத்தேதான். த. பெனிட்டா, எம்.எஸ்சி., பி.எட். விண்ணப்ப எண் 41.

மழையில் நனைந்துவிடக் கூடாதென்று சுற்றிய பிளாஸ்டிக் தாள். அதன்மேல் அவள் தன் கையாலேயே இறுக்கிப் போட்ட இரட்டை முடிச்சு. ஒருத்தர் கைகூடப் பட்டிருக்கவில்லை.

கோழிக்கடைக்காரர் துரைப்பழம் நல்ல உருப்படி என்றார். இன்றைக்குக் காலையில்தான் வந்தது என்றார்.

இன்றைக்குத்தான் வந்ததாம்! இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே கடையில், இதே ஆளிடம், இதே சனியனைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனவள் அவள். அந்த மனுஷனுக்கு அவள் முகம்கூட நினைவில்லை.

விடிந்தால் கிறிஸ்மஸ். வீட்டுக்கு ஒரு நாட்டுக்கோழி போதும் என்றுதான் வந்திருந்தாள்.

கூண்டிலிருந்து வாடை குப்பென்று அடித்தது. ஈர இறகும் எச்சமும் சேர்ந்த வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சபைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை ஒன்றே ஒன்று காலி. தாளாளரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது, கிறிஸ்மஸ் மாதத்தில் வான்கோழிதான் மரியாதை என்று ஊரே சொன்னது. நிறைய வரும், யாருடையது எதுவென்று தெரியாமல் போய்விடும், பேர் எழுதிக் கட்டு என்றும் சொன்னது.

பெனிட்டா எழுத மாட்டேன் என்றாள். அழுதாள். கடைசியில் அம்மா முகத்துக்காக எழுதினாள்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது அது வழியெல்லாம் சேலையில் பேண்டது. தாளாளர் வீட்டு முன்வாசலில் விடவில்லை. பின்பக்கமாக வரச் சொன்னார்கள்.

அங்கே முருங்கை மரத்தடியில் ஏற்கெனவே எட்டு நின்றன. எட்டின் காலிலும் சீட்டு.

தாளாளரின் மனைவி ஜன்னலிலிருந்தே கையைக் காட்டினாள். அங்க கட்டிப் போடு என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கும் அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சீ.

இது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று துரைப்பழத்திடம் கேட்டாள். தெரிந்தே கேட்டாள். அவர் ஒளிக்கவும் இல்லை.

"பெரிய வீடுக்கா. தாளாளருக்குப் பிரஷரு, கறியே தொடமாட்டாரு. வந்த அத்தனையையும் சாக்குல கட்டி இங்க தள்ளிருவாவ. வருஷா வருஷம் நடக்கதுதான்."

சொல்லிக்கொண்டே வான்கோழியைத் தலைகீழாகத் தூக்கினார். நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கி, மஞ்சள் தோலைக் கிள்ளிக் காட்டினார். அதன் மூக்கிலிருந்து தொங்கிய சிவப்புச் சதை ஆடியது. அதில் சளி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கறியே தொடமாட்டாராம். அப்படியானால் எதற்குய்யா இத்தனை பேரைப் பின்வாசலில் நிற்க வைத்தாய்? சீட்டைப் பிரித்துப் படிக்கக்கூட ஒரு நாதி இல்லையா அந்த வீட்டில்?

அவர் விலை சொன்னார். அன்றைக்கு அவள் கொடுத்ததைவிடக் கூடுதல். பண்டிகை நாளாம்.

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் நேர்காணல் பேர்ப்பட்டியல் வரவில்லை. புதுவருஷம் கழித்துத்தான் போடுவார்கள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

காலில் கட்டியதுதான் தப்பு. இந்தத் தடவை கழுத்தில் கட்டினால் கண்ணில் படும்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கையும் தானாகவே பர்ஸுக்குப் போயிருந்தது.

கடையின் ஓரத்துக்குப் போய், ஓடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். தாளாளர் மேல் வந்த அருவருப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தன்மேலேயே அப்படி ஒரு குமட்டல்.

துரைப்பழம் சாக்கை எடுத்தார். ஆட்டோவில் கொண்டுபோக வசதியாக இருக்கும் என்றார்.

"சாக்கு வேண்டாம். அறுங்க."

உயிரோடு கொடுத்தால்தானே மரியாதை என்றார் அவர்.

"யாருக்கும் குடுக்கல. நாங்க திங்கதுக்கு."

அவர் வான்கோழியை உள்ளே கொண்டுபோனார். சிறகடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெந்நீரில் முக்கிய வாடை வந்தது. அவள் இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை.

துண்டு எப்படி வேண்டும் என்றார். சின்னதாக என்றாள்.

கால் வேண்டுமா, சூப்பு வைக்கலாம் என்றார்.

"வேண்டாம்."

இரண்டு காலையும் இறகுத் தொட்டியில் எறிந்தார். முடிச்சு அவிழாமலே போயிற்று.

பை கனத்தது. உள்ளேயிருந்த கறியின் சூடு காலில் பட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பெனிட்டா போனில் கூப்பிட்டாள். இரண்டு வாரமாக ஒரு நாள் விடாமல் கேட்கிறவள்தான்.

"எம்மா, தாளாளர் வீட்லயிருந்து ஏதும் பதில் வந்துதா?"

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வந்துட்டு மக்களே. நீ மசாலா அரைச்சு வை."