முதல் டோக்கன்

“நீங்க முப்பது பேர். அங்கே பாருங்க, விடுதி வேணும்னு பேச நாப்பது பேருக்கு மேல வந்திருக்காங்க. ஆதரவு அதிகம்னுதானே நான் மேல எழுத முடியும்?” என்றாள் அதிகாரி வினோதினி.

பழவேற்காடு ஏரிக்கரையில் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏரியோரச் சேற்றைத் தூர்த்துச் சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்தச் சேற்றில்தான் எல்லம்மாவும் அவள் தெருக்காரர்களும் தினமும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சேறு போனால் முப்பது வீட்டில் அடுப்பு எரியாது.

“அந்த நாப்பது மூஞ்சில ஒண்ணைக்கூட நாங்க ஏரியில பாத்ததில்லம்மா” என்றாள் எல்லம்மா.

“சுத்துப்பட்டு ஊர்ல கையால இறால் புடிக்கிறவங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே. இல்லைன்னு உங்களால காட்ட முடியுமா?”

எல்லம்மா வலது பக்கம் தன் தெருக்காரர்களோடு போய் உட்கார்ந்தாள்.

பந்தலின் இடது பக்கம், வேனில் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கம்பெனிக்காக எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த மூர்த்தி நின்றான். முகத்தில் நிம்மதி.

“டோக்கன் நம்பர் ஒண்ணு!”

இடது பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் எழுந்து மைக்கைப் பிடித்தான்.

“பேரு லோகேஷ். ஊரு சுண்ணாம்புக்குளம். எங்க நைனா காலத்துலேர்ந்து கையாலதான் இறால் புடிக்கிறோம். இன்னும் எத்தினி நாளைக்குச் சேத்துலயே கெடக்கிறது? விடுதி வந்தா யூனிபாரம் மாட்டிக்கினு ஏசியில நிப்பேன். வரட்டும்ங்க!”

இடது பக்கம் கைதட்டியது. மூர்த்தி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

எல்லம்மா எழுந்தாள். “மேடம், இந்தத் தம்பியை ஒரே ஒரு கேள்வி கேக்கலாமா?”

“ஒண்ணுதான். சீக்கிரம்.”

“ஏம்பா, தண்ணியில உக்காந்துக்கினு ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவுறே. புடிச்ச இறாலைப் போடுற பறி எங்கே இருக்கும்?”

லோகேஷ் விழித்தான். “பறின்னா... கூடைதானே? அது கரையில இருக்கும்.”

வலது பக்கம் வெடித்துச் சிரித்தது.

“ஒவ்வொரு இறாலுக்கும் எழுந்து கரைக்கு ஓடுவியா? இன்னா, ஓட்டப் பந்தயமா?” என்றாள் எல்லம்மாவின் தெருக்காரி கோவிந்தம்மா.

“பறியைப் பல்லுல கடிச்சிக்கினுதான்டா தடவுவோம்! நீ இறாலை பிரியாணியிலதான் பாத்திருக்கே!” என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“தொண்டை காஞ்சிடுச்சு. தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று மைக்கை வைத்தவன், பந்தலை விட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

வினோதினியின் குரல் மாறியிருந்தது. “டோக்கன் நம்பர் ரெண்டு வாங்க. நீங்களும் கையாலதான் புடிக்கிறீங்களா? எல்லம்மா, வேற கேள்வி இருக்கா?”

“நெறைய இருக்கு மேடம்.”

இரண்டாம் டோக்கனுக்குத் திடீரென வயிற்று வலி. மூன்றாம் டோக்கன் செல்போனைக் காதில் வைத்தபடி நழுவினான். ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டபோது இடது பக்கம் வெறும் நாற்காலிகள். முப்பது பேரும் நிதானமாகப் பேசி முடித்தார்கள். “ஆதரவு: இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் வினோதினி.

மூர்த்தி வேனை நோக்கிப் பாய்ந்தான். “யோவ் திருவேங்கடம்! அந்த மொதல் டோக்கனை எங்கேய்யா புடிச்சே? ஒரே பதில்ல மொத்தத்தையும் கவுத்துட்டானே!”

டிரைவர் வேனுக்குள் தலையை விட்டு ஒருமுறை எண்ணினான்.

“நான் ஏத்திக்கினு வந்தது நாப்பது. நாப்பதும் உள்ளே உக்காந்திருக்கு சார். அவன் உங்க ஆளுன்னு இல்ல நெனச்சேன்?”

அதே நேரம், பந்தலுக்கு வெகு தூரத்தில், எல்லம்மா ஏறிய படகில் லோகேஷ் முன்னமே உட்கார்ந்திருந்தான்.

“சரியாத் திணறினேனா அத்தே?” என்றான், வருகிற தையில் அவள் மகள் சத்யாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். “பத்து வயசுலேர்ந்து சேத்துல கெடக்கிறேன், கரையில பறின்னு சொல்ல வாயே வரல!”